சக்கரத்தானின் கன்னம்

முதுகிலே பாதிச் சக்கரத்தைச் சுமந்துகொண்டு நடக்கிற ஒரு பூச்சிக்குக் கன்னம் எந்த இடத்தில் இருக்கும் என்று யாராவது கேட்டால் நீங்கள் என்ன சொல்வீர்கள்? பூச்சிக்கு ஏது கன்னம் என்றுதான் சொல்வீர்கள், மஞ்சணத்திவிளையில் இருக்கிற நானூற்றுச் சொச்சம் பேரும் போன புரட்டாசி வரைக்கும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு நிம்மதியாக இருந்தார்கள். ஆனால் மினிபஸ் கண்டக்டர் வேல்துரையின் பெண்டாட்டி பிரம்மசக்தி, பதினோரு மாதப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே அந்த இடத்தைக் கண்டுபிடித்துவிட்டாள். கண்ணுக்குக் கீழே, ஊசிமூக்கு மடங்கி நெஞ்சுக்கடியில் போகிற வளைவுக்குச் சற்று மேலே, கடுகில் பாதியளவு ஒரு சின்ன மேடு. அதுதான் கன்னம்.

அவள் ஒன்றும் தேடிப் போகவில்லை. பதினோரு மணிக்குக் கிணற்றடிக் கல்லில் கால்நீட்டி உட்கார்ந்து பிள்ளை கவிநிஷாவைக் குளிப்பாட்டி, துவட்டி, பவுடர் போட்டு, பச்சரிசியைக் கருக்கித் தானே காய்ச்சிச் சிரட்டையில் உலர வைத்திருந்த சாந்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, மோதிர விரலால் தொட்டு, இடது கன்னத்தில் ஒரு பொட்டு வைத்து நிமிர்ந்தாள், நிமிர்ந்த நேருக்கு நேரே கொல்லை முருங்கையின் அடிமரத்தில் அது நின்றுகொண்டிருந்தது. சாம்பல் பூசின மாதிரி உடம்பு, நூல் மாதிரி ஆறு கால், முதுகில் மாவு மில்லின் பல்சக்கரத்தைப் பாதியாக அறுத்து நட்டு வைத்தது போல ஒரு வட்டம். ஒரு காலை எடுத்து வைத்துவிட்டு அடுத்த காலை எடுக்கலாமா வேண்டாமா என்று யோசித்து யோசித்து நடந்தது, கல்யாண வீட்டுக்குப் பழைய சேலையில் வந்துவிட்டவள் மாதிரி.

பிரம்மசக்தி பன்னிரண்டாம் வகுப்புப் படித்தபோது அவள் பள்ளிக்கூடத்தில் உயிரியல் ரெக்கார்டு நோட்டுக்குப் படம் போட்டுக் கொடுப்பதென்றால் அவள்தான். கரப்பானின் வாய், மண்புழுவின் வயிறு, தவளையின் நரம்பு என்று வகுப்பிலிருந்த முப்பத்தொரு பேருக்கும் அவள்தான் வரைந்தாள், அதற்குக் கூலியாகக் கொய்யாப்பழமும் நெல்லிக்காயும் வாங்கித் தின்றாள். எழுதாத ரெக்கார்டு நோட்டு ஒன்று அவளுடைய சீர்ப்பெட்டிக்கு அடியில் சேலைகளோடு சேலையாகப் புகுந்த வீட்டுக்கும் வந்துவிட்டிருந்தது. அன்றைக்கு அதை எடுத்துவந்தாள். இடது பக்கத்து வெள்ளைத்தாளில் படம், வலது பக்கத்துக் கோட்டுத்தாளில் விவரம், அதுதானே ரெக்கார்டு நோட்டுக்கு முறை. பிள்ளையை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டே ஒரு மணி நேரம் உற்றுப் பார்த்தாள். சக்கரத்துக்கு எத்தனை பல் என்று மூன்று தரம் எண்ணிப் பத்து என்று முடிவு கட்டினாள், பெயர் தெரியாததால் சக்கரத்தான் என்று தானே ஒரு பெயர் எழுதினாள். வரைந்து முடித்த பிறகுதான் அவளுக்குப் பக்கென்றது. ஒரு உயிரை இத்தனை நேரமா ஒருத்தி வைத்த கண் வாங்காமல் பார்ப்பாள், கண் பட்டுவிடாதா என்று நினைத்தாள். விரலில் மிச்சமிருந்த சாந்தை வைத்து, தாளில் நின்ற பூச்சியின் இடது கன்னத்தில் ஒரு பொட்டு வைத்துவிட்டு, உலை வைக்கப் போய்விட்டாள்.

மறுநாள் விடிந்தபோது ஊரில் இருந்த அந்த இனத்துப் பூச்சிகள் அத்தனைக்கும் இடது கன்னத்தில் கறுப்புப் பொட்டு இருந்தது.

முதலில் பார்த்தது அடுத்த வீட்டுச் சொர்ணக்கிளி. மோட்டார் போடப் போனவள் சுவிட்ச் பெட்டிமேல் ஒன்று நிற்பதைக் கண்டு விளக்குமாற்றை ஓங்கினாள், ஓங்கின கை ஓங்கினபடியே நின்றுவிட்டது, ஏனென்றால் பொட்டு வைத்த முகத்தை விளக்குமாற்றால் அடிக்க அவளுக்குப் பழக்கமில்லை. "யாரு பெத்த பிள்ளையோ" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்ன பிறகு அவளுக்கு வேறொன்று தோன்றியது, அதை உடனே தெருவுக்குக் கொண்டுவந்தாள்.

"ஏளா, பொட்டுன்னா அது தானா முளைக்காது. ஒருத்தி வச்சாத்தான் உண்டு. எவ வச்சா?"

அந்தக் கேள்வி அன்று மத்தியானத்துக்குள் ஊரின் எல்லா வாசலிலும் ஏறி இறங்கியது. பொட்டு எப்படி வந்தது என்று ஒருவரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை, பொட்டு வைக்கிற விதம் எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஒரு விரலும் கொஞ்சம் சாந்தும் இருந்தால் போதும். எவள் வைத்தாள், எதற்கு வைத்தாள், யாரைக் கெடுப்பதற்கு வைத்தாள் என்பதுதான் விசாரணை. பஸ் நிறுத்தத்தில் இருந்தவர்கள் இது கணக்கெடுப்பு என்றார்கள், முதலில் பூச்சிக்கு அடையாளம் வைப்பார்கள், அடுத்து மரத்துக்கு, அப்புறம் நிலத்துக்கு, அப்புறம் நிலம் நம்முடையது இல்லை என்பார்கள். மேலத்தெருக்காரர்கள் இது பக்கத்து ஊர்க்காரன் வேலை என்றார்கள், முருங்கை விலை ஏறும்போதெல்லாம் அவனுக்குத் தூக்கம் வராது. செத்துப்போன பிள்ளைகள் திரும்பி வந்திருக்கின்றன என்று ஒரு பேச்சும் வந்தது, ஆனால் அதைச் சொன்னவள் மூன்றாம் நாளே வாயை மூடிக்கொண்டாள், எந்த வீட்டுப் பிள்ளை எதனால் செத்தது என்ற பழைய கதைகள் அதோடு கிளம்பி வந்ததுதான் காரணம்.

பிரம்மசக்திக்கும் முதல் நாள் கொஞ்சம் படபடப்பாகத்தான் இருந்தது. ஆனால் அவள் சுபாவம் சிரிக்கிற சுபாவம், கை சும்மா இருக்காத கை. வேலி ஓரத்து மணலில் குழிநரி என்கிற பூச்சி புனல் மாதிரிக் குழி பறித்து, அதற்கடியில் தாடையை மட்டும் நீட்டி எறும்புக்குக் காத்திருப்பதைப் பார்த்தாள், வரைந்தாள், பார்த்த குற்றத்துக்குப் பொட்டும் வைத்தாள். மறுநாள் ஊர் ஓரத்துத் தேரிச் செம்மணலில் இருந்த குழிநரிகள் எல்லாம் பொட்டோடு உட்கார்ந்திருந்தன. அதற்கடுத்து அரிவாள் மாதிரிக் கையை மடக்கிக்கொண்டு சாமி கும்பிடுகிற கும்பிடுபூச்சி, முள்ளுச்செடியில் முள்ளோடு முள்ளாக நின்று ஏமாற்றுகிற கொம்புப்பூச்சி, காற்றில்லாதபோதும் காற்றில் ஆடுகிற மாதிரி ஆடுகிற குச்சிப்பூச்சி, மாட்டுச்சாணத்தைத் தன்னைவிடப் பெரிய உருண்டையாக உருட்டிக்கொண்டு பின்னோக்கி நடக்கிற சாணிவண்டு. ஒவ்வொன்றும் அவள் நோட்டில் ஒரு நாள் நின்றது, மறுநாள் ஊரில் பொட்டோடு நடந்தது.

ஊர் எதையும் பழகிக்கொள்ளும், இதையும் பழகிக்கொண்டது, ஆனால் ஒருவரை ஒருவர் சந்தேகப்பட்டுக்கொண்டே பழகிக்கொண்டது. வாசல் தெளிக்கிறவர்கள் கீழே குனிந்து பார்த்து, பொட்டு வைத்தது எதுவும் இல்லை என்று தெரிந்த பிறகு தண்ணீரை வீசினார்கள், அப்படிக் குனிந்து பார்ப்பவளை எதிர்வீட்டுக்காரி, ஓகோ, இவளுக்கு என்ன இத்தனை அக்கறை என்று பார்த்தாள். கடையில் கண்மை வாங்கினவள் பெயர் அன்றைக்கே தெரிந்துவிட்டது. குழாயடியில் குடத்தைத் தூக்கிவிடுகிற சாக்கில் பெண்கள் ஒருத்தி விரலை ஒருத்தி திருப்பிப் பார்த்தார்கள், நுனியில் கறுப்பு இருக்கிறதா என்று. அந்தப் பயத்தில் தாய்மார்கள் சொந்தப் பிள்ளைக்குப் பொட்டு வைப்பதையே நிறுத்தினார்கள், நிறுத்தின வாரத்தில் ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சளி பிடித்தது, அதையும் பொட்டுக்காரியின் கணக்கில் எழுதினார்கள். கவிநிஷா ஒருத்திதான் சளி இல்லாமல் கன்னத்தில் பொட்டோடு சிரித்துக்கொண்டிருந்தாள்.

"உன் பிள்ளைக்கு மட்டும் எப்படிப் பிள்ள சளி பிடிக்கல?" என்றாள் சொர்ணக்கிளி, வேலிக்கு மேலே தலையை நீட்டி.

"மயினி கண்ணு என் பிள்ள மேல படலைல்லா, அதான்" என்று சிரித்தாள் பிரம்மசக்தி.

"ஆமா, சிரி, சிரி. சிரிக்கிறவள நம்பப்படாதுன்னு எனக்கு இப்பதான் தோணுது."

இதிலே தொழிலே படுத்துப்போனவர் ஒருவர் இருந்தார். வெளியூரிலிருந்து காய்ச்சலோடு வந்து, மஞ்சணத்திவிளையில் மருந்துக்காரர் வீடு எது என்று கேட்கிறவர்கள் ஏமாந்துபோவார்கள், ஏனென்றால் இங்கே மருந்து என்றால் ஒன்றுதான், அதை அடிக்கிற தவசிக்கனிதான் மருந்துக்காரர். இருபத்தேழு வருடமாக முதுகில் தெளிப்பானைக் கட்டிக்கொண்டு ஊர் முருங்கை முழுவதுக்கும் மருந்தடித்தவர். முதுகில் தெளிப்பான் இல்லாத அன்று அவர் நடையே கொஞ்சம் முன்னால் சாயும். அவருக்கு வேறு தொழில் தெரியாது. ஐப்பசி பிறந்து கம்பளிப்பூச்சி இறங்கிவிட்டது. பகலெல்லாம் அடிமரத்தில் சாக்குப்படுதா தொங்கவிட்ட மாதிரி மொய்த்துக் கிடந்தது, பொழுது சாய்ந்தால் ஏறி இலையைத் தின்றது. அவர் குழாயைத் தூக்கி விசையை அழுத்தப் போன நேரத்தில், அந்தப் படுதாவின் ஓரத்தில் பொட்டு வைத்த முகம் ஒன்று சக்கரத்தோடு எட்டிப் பார்த்தது. அவர் அடுத்த மரத்துக்குப் போனார். அங்கே இரண்டு முகம். தோட்டத்துக்காரரும் பார்த்தார். "அண்ணாச்சி, இன்னைக்கு வேண்டாம்" என்றார். அப்படியே பதினோரு நாள் ஆகிவிட்டது.

"பூச்சிக்குப் பொட்டு வச்சவ என் வாயில மண்ணைப் போட்டவ" என்று தவசிக்கனி பஸ் நிறுத்தத்தில் நின்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "அவ கையில கெடச்சா விட மாட்டேன்."

வேல்துரைக்கு வேறு விதமான சந்தேகம். தினம் பதினோரு மணி நடை முடிந்து பஸ் ஊருக்குள் திரும்பும்போது, ஜன்னல் வழியாகத் தன் வீட்டுக் கொல்லையில் பெண்டாட்டி வேலியைப் பார்த்து உட்கார்ந்து தனியாகச் சிரித்துக்கொண்டிருப்பதை நாலு நாளாகக் கவனித்தான். ஐந்தாம் நாள் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டான்.

"பின்னால யாரைப் பாக்கப் போற?"

"ஒருத்தரைப் பாக்கப் போறேன்."

"ஆரு?"

"உங்களை மாதிரிதான். முதுகுல பெரிய வண்டிச்சக்கரம், ஆனா நடைதான், எங்கயும் நேரத்துக்குப் போய்ச் சேர மாட்டாரு."

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் எழுந்துபோய் ரெக்கார்டு நோட்டை எடுத்துவந்து சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் விரித்தாள். அவன் ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தான், பிசைந்த கை காய்ந்துபோயிற்று.

"பாவி. நீயாட்டி அது?"

"நான் தாள்லதான் வச்சேன். அது அங்க போய் ஒட்டிக்கிட்டா நான் என்ன செய்ய?"

"இத இப்பவே அடுப்புல போடு. ஊருக்குத் தெரிஞ்சா நம்ம மூணு பேரையும் எல்லைக்கு வெளிய நிறுத்திருவாங்க."

அப்போதுதான் அவள் முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு போனது. அவள் அவனிடம் கும்பிடுபூச்சியின் காலைப் பற்றிச் சொன்னாள். போன செவ்வாய்க்கிழமை படத்தில் நடுக்கால் கொஞ்சம் கோணலாக விழுந்துவிட்டது என்று ரப்பரால் அழித்தாள், அழித்த நேரம் பிள்ளை அழுதது, திரும்ப வரைய மறந்துபோனாள். மறுநாள் ஊரில் இருந்த கும்பிடுபூச்சிகள் எல்லாம் ஐந்து காலோடு நொண்டின. ஓடிவந்து காலை வரைந்தாள், வரைந்து அரை நாள் கழித்துத்தான் அவை நேராக நடந்தன.

"ஒரு காலை அழிச்சதுக்கே இப்படின்னா, நோட்டை எரிச்சா என்ன ஆகும்ங்கேன்? அத்தனையும் எரிஞ்சு போயிரும். என்னால முடியாது."

வேல்துரை கைகழுவினான். நோட்டை அரிசி டிரம்முக்குள் அவனே புதைத்து வைத்தான். அன்றிலிருந்து அவனுடைய பஸ்ஸில் சிரித்துப் பேசிக்கொண்டு வருகிறவர்களையெல்லாம் அவன் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டே டிக்கெட் கிழித்தான்.

வார்டு மெம்பர் செண்பகவடிவுதான் வழி சொன்னாள். வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு, அம்மன் கோயில் முன்னால், ஊரில் பிள்ளை பெற்ற அத்தனை பொம்பளையும் சூடத்தை அடித்துச் சத்தியம் பண்ண வேண்டும். எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து ஒரு சொல் சொன்னால், அந்தச் சொல் பொய்யென்றால் அந்தக் கை எட்டு நாளில் விளங்காமல் போகும், இது மஞ்சணத்திவிளையில் எல்லோருக்கும் தெரிந்தது. சத்தியத்துக்கான வாசகத்தை மெம்பரே ஒரு நோட்டீசின் பின்பக்கம் எழுதி வைத்திருந்தாள். ஓட்டை இல்லாத வாசகமாக இருக்க வேண்டும் என்று இரண்டு நாள் யோசித்து எழுதியது. "நான் பெறாத எதுக்கும் என் கையால நான் பொட்டு வச்சது இல்லை."

பிரம்மசக்தி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்றாள். பொய்ச் சத்தியம் பண்ணினால் கை போகும், படம் போடுகிற கை அது, பிள்ளையைத் தூக்குகிற கை. உண்மையைச் சொன்னால் நோட்டுப் போகும், நோட்டுப் போனால் தேரியில் நடக்கிற அத்தனை உயிரும் போகும். அவளுக்கு முன்னால் இருபது பேர் நின்றார்கள். ஒருவரும் ஒருவர் முகத்தைப் பார்க்கவில்லை.

முதல் ஆள் சொர்ணக்கிளி. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு போனாள், சூடத்துக்கு மேலே கையைக் கொண்டுபோனாள், வாயைத் திறந்தாள், கையை இழுத்துக்கொண்டாள்.

"மெம்பரக்கா, எங்க செவலைக் கன்னுக்குட்டிக்கு வச்சேனே. அது நான் பெத்தது இல்லியே."

"கன்னுக்குட்டி சேர்த்தி இல்ல."

"எழுதுனதுல அப்படி இல்லியே. எதுக்கும்னுதான போட்டிருக்கு. எனக்குக் கை வேணும், பாத்துக்கிடுங்க."

அடுத்தவள் வந்தாள், பக்கத்து வீட்டுப் பிள்ளை முதல் பிறந்தநாள் அன்று அழகாக இருந்ததே என்று தானே வைத்ததாகச் சொல்லிப் பின்வாங்கினாள். அதற்கு அந்தப் பக்கத்து வீட்டுக்காரி, அப்ப நீதான் கண் வச்சியா என்று ஆரம்பித்தாள். இன்னொருத்தி புது மோட்டார் சைக்கிளின் விளக்குக்கு வைத்திருந்தாள். இன்னொருத்தி தோட்டத்தில் காய்த்த முதல் பூசணிக்கு. ஒருத்தி, கல்யாணத்தன்று தாலி கட்டின கையோடு புருஷன் கன்னத்தில் வைத்தாளாம், "அவரை நான் பெறலியே" என்று அவள் சொன்னபோது அந்தப் புருஷன் கோயில் மதிலுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். சூடம் எரிந்து முடிந்தது, வேறு சூடம் வைத்தார்கள், அதுவும் எரிந்து முடிந்தது. கடைசியில் எல்லோரும் மெம்பரைப் பார்த்தார்கள்.

"நீங்க அடிங்க அக்கா."

செண்பகவடிவு கையிலிருந்த வாசகத்தை இன்னொரு தரம் படித்துப் பார்த்தாள். "எலெக்‌ஷன் போஸ்டர்ல" என்றாள் மெல்ல, "என் படம் ரொம்ப நல்லா விழுந்திருந்துச்சு. நானேதான் போய் வச்சேன். என்னை நான் பெறலியே."

வரிசை சிரித்தது, பதினேழு நாளில் முதல் தடவையாக. பிரம்மசக்திக்கு மூச்சு வந்தது. யாரும் சத்தியம் பண்ண வேண்டாம், அவளும் பண்ண வேண்டாம், பிள்ளைக்குப் பால் கொடுக்கிற நேரம், வீட்டுக்குப் போய்விடலாம். பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு இரண்டு அடி வைத்தும்விட்டாள்.

அப்போது தவசிக்கனி முன்னால் வந்தார்.

"சிரிச்சு முடிச்சாச்சா? ஆளு தெரிய வேண்டாம், விடுங்க. நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு டிராக்டர் ஸ்பிரேயர் வருது. சொல்லிட்டேன். ஒரு மரம் விடாம, ஒரு வேலி விடாம அடிச்சிருவோம். கண்ணை மூடிட்டு அடிக்க வேண்டியதுதான். பாத்தாத்தான பாவம்."

கூட்டம் ஒருவர் பின் ஒருவராகத் தலையாட்டியது. ஆட்டினவர்களைப் பிரம்மசக்தி பார்த்தாள், இத்தனை நாள் குனிந்து பார்த்து வாசல் தெளித்தவர்கள் அவர்கள். சும்மா போயிருந்தால் அவளை ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

"மாமா, அடிக்காதீங்க" என்றாள். "நான்தான் வச்சேன்."

முதலில் வேல்துரைதான் கண்ணை மூடினான். பிறகு கூட்டம் விலகி அவளைச் சுற்றி ஒரு வட்டம் விட்டது, தொடாத தூரத்து வட்டம். அவள் எல்லாவற்றையும் சொன்னாள், குளிப்பாட்டினது, எண்ணினது, கண் பட்டுவிடுமே என்று பொட்டு வைத்தது, கும்பிடுபூச்சியின் கால். அவள் சொன்ன அரிசி டிரம்மிலிருந்து யாரோ நோட்டை எடுத்துவந்தார்கள், தாள்களுக்கிடையிலிருந்து அரிசி கொட்டியது. "சூடத்துல வையி" என்று ஒரு குரல் வந்தது. "வையி, வையி" என்று நாலைந்து குரல் சேர்ந்தது.

"வைங்க" என்றாள் பிரம்மசக்தி. "எதை எரிக்கோம்னு பாத்துட்டு வைங்க."

செண்பகவடிவு சூடத்துக்கு முன்னால் நோட்டைப் பிடித்து முதல் பக்கத்தைத் திறந்தாள். சொர்ணக்கிளி எட்டிப் பார்த்தாள். அவள் சந்தேகக்காரி, சந்தேகக்காரிகளுக்குக் கண் கூர்மை.

"இது எங்க சுவிட்ச் பெட்டிக்காரன்லா? ஏ பிள்ள, பத்துப் பல் போட்டிருக்க. அவனுக்கு ஒன்பதுதான்."

"மூணு தரம் எண்ணுனேன் மயினி."

"நான் தெனமும் மோட்டார் போடுதவ, எனக்குத் தெரியாதா?"

"எங்க வீட்டுக் கழுநீர்த் தொட்டியில நிக்கிறதுக்குப் பதினொண்ணு" என்றாள் இன்னொருத்தி. குழிநரியின் தாடை இவ்வளவு நீளமில்லை என்று ஒருத்தி சொன்னாள், இருக்கிறது, நீ மணலைக் கிண்டிப் பார்த்ததில்லை என்று அவள் மருமகள் சொன்னாள், நீ எப்போது கிண்டினாய் என்று மாமியார் திரும்பினாள். இதுவரை ஒருவரும் ஒருவரிடமும் சொல்லாமல், சந்தேகப்படுவார்களே என்று பயந்து, தனித்தனியாகக் குனிந்து பார்த்ததெல்லாம் வெளியே வந்தது. குச்சிப்பூச்சி சட்டை உரித்துவிட்டு அந்தச் சட்டையையே தின்றுவிடும் என்று ஒரு கிழவர் சொன்னார், அது அவருக்கு மட்டும் தெரிந்த ரகசியமாம். தலைகள் நோட்டின் மேல் கவிந்தன. வலது பக்கத்துக் கோட்டுத்தாளில் இருந்ததை மெம்பர் உரக்கப் படித்தாள்.

"வியாழக்கிழமை. சக்கரத்தான் ஒரு கம்பளிப்பூச்சியை ஊசிமூக்கால் குத்திப் பிடித்தது. முக்கால் மணி நேரம் உறிஞ்சியது. தோல்தான் மிச்சம். வெள்ளிக்கிழமை, மேலும் மூன்று. சனிக்கிழமை, நான்கு."

தவசிக்கனி அதுவரை தூரத்தில் நின்றார். "என்னது? திரும்பப் படி" என்றார். மெம்பர் திரும்பப் படித்தாள். அவர் வந்து தாளை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இருபத்தேழு வருடமாக அவர் மருந்தடித்த மரத்தின் கீழே கம்பளிப்பூச்சியோடு இதுவும் விழுந்து கிடந்திருக்கிறது, எல்லாம் ஒரு குப்பை என்று தள்ளிக்கொண்டு போயிருக்கிறார். போனை எடுத்து டிராக்டர்காரனுக்குப் பேசினார், நாளைக்கு வேண்டாம் என்று மட்டும் சொன்னார், அதுவும் யாருக்கோ கோபத்தில் சொல்வது மாதிரிச் சொன்னார்.

சூடம் எப்போது அணைந்தது என்று யாருக்கும் தெரியவில்லை.

தீர்ப்பு என்று ஒன்றும் ஆகவில்லை. நோட்டு யாரிடம் இருப்பது என்று அரை மணி நேரம் பேசினார்கள், மெம்பர் வீட்டில் வைத்தால் மெம்பர் என்ன செய்வாளோ என்று சந்தேகம், கோயிலில் வைத்தால் பூசாரி என்ன செய்வாரோ என்று சந்தேகம், கடைசியில் வரைந்தவளிடமே இருக்கட்டும், ஏற்கெனவே சந்தேகப்பட்டு முடிந்த ஆள் அவள் ஒருத்திதான் என்று ஒத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கொண்டுவந்து காட்ட வேண்டும், பல்லை ஒழுங்காக எண்ண வேண்டும். "கொசுவை வரைஞ்ச, அடுத்த வீட்டுப் பிள்ளன்னு பாக்க மாட்டேன்" என்றாள் சொர்ணக்கிளி. கரப்பானுக்கும் அதே சட்டம் போட்டார்கள். கரப்பானைப் பள்ளிக்கூடத்திலேயே முப்பத்தொரு தடவை வரைந்துவிட்டேன், அப்போது பொட்டு வைக்கத் தெரியாத வயது என்று பிரம்மசக்தி சொன்னாள், அவளுக்குச் சிரிப்பு திரும்பி வந்திருந்தது. வேல்துரை மட்டும் வீடுவரைக்கும் மூன்று தரம் பின்னால் திரும்பிப் பார்த்தான்.

மறுநாள் காலை எட்டரை மணிக்கு, அவள் பிள்ளைக்கு இட்லியைப் பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தபோது, தவசிக்கனி வாசலில் வந்து நின்றார். முதுகில் தெளிப்பான் இருந்தது, மருந்து கலந்திருந்த வாடையும் அடித்தது. உள்ளே வரச் சொன்னாள், வரவில்லை. தண்ணீர் கொடுத்தாள், கையில் வாங்கிக்கொண்டு குடிக்காமல் நின்றார்.

"மாமா, என்ன?"

"மேற்காலத் தோட்டத்துல கம்பளிப்பூச்சி அதிகமாக் கெடக்கு. உன் சக்கரத்தான் எத்தனை இருந்தாலும் அத்தனையையும் தின்னு முடிக்காது. அந்த ஆறு மரத்துக்கு மட்டும் அடிக்கப் போறேன். உன்னோடதை எல்லாம் ஒரு குச்சியால ஒவ்வொண்ணா அடுத்த மரத்துக்கு மாத்திட்டேன். நாப்பத்திரெண்டு. எண்ணிக்கிடு."

"எனக்கு நம்பிக்கைதான் மாமா."

"எனக்கு உம்மேல இல்ல" என்றார் அவர். செம்பை வாசல்படியில் வைத்தார். தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார், ஒருவரும் இல்லை என்று தெரிந்த பிறகும் குரலைத் தாழ்த்தினார். "நேத்து அந்த நோட்டைப் பாத்துட்டுப் போனேன் பாரு, போற வழியில கண்ணு சும்மா இருக்கல. மரத்துல கெடந்த ஒரு கம்பளிப்பூச்சியைக் கிட்டத்துல போயி உத்துப் பாத்துட்டேன். இருவத்தேழு வருஷமா அது வெறும் மயிருன்னு நினைச்சிருந்தேன். முன்னால ஒரு முகம் இருக்கு தாயி. இலையத் தின்னுதப்ப ரெண்டு காலால இலையைச் சேத்துப் பிடிச்சுக்கிடுது."

பிரம்மசக்தி ஊட்டின கையை நிறுத்தினாள். பிள்ளை வாயைத் திறந்துகொண்டே இருந்தது.

"எனக்கு வேற தொழில் தெரியாது" என்றார் தவசிக்கனி. "நான் பாத்ததை ரெண்டு நாளுல மறந்திருவேன், அது என் பாடு. நீ மட்டும் அந்தப் பக்கம் வராத. அத நீ பாத்திராத தாயி."